அலுமினிய வலைக்கூண்டு, 60 × 60 × 120 செ.மீ.: பச்சோந்திக்குப் போதுமா?

வளர்ந்த ஏமன் பச்சோந்திக்கும் பேந்தர் பச்சோந்திக்கும் பலரும் வாங்குவது இந்த அளவு வலைக்கூண்டைத்தான். பாகங்களாக வரும், ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் நிமிர்த்திவிடலாம். எடை குறைவு, காற்றோட்டத்துக்குக் குறையில்லை, உயரமும் சரி. ஆனால் பூட்டி முடித்ததும் நிற்பது வெறும் காற்றுத் தூண். பச்சோந்தி வாழப்போவது கிளைகளில். பெட்டிக்குள் அவை ஒன்றுகூட இல்லை.

அதன் காலைப் பார்த்தாலே விஷயம் புரியும். ஐந்து விரல்களும் இரண்டு கொத்தாகச் சேர்ந்து இடுக்கி போல இருக்கும்: முன்காலில் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு; பின்காலில் இதற்கு நேர்மாறு. ஒரு குச்சியைச் சுற்றி வளைத்துப் பிடிக்க அமைந்த கால் இது, தட்டையான பரப்பில் நடக்க அல்ல. கிளை இல்லாத கூண்டில் நகத்தை வலைக்கண்ணில் மாட்டித்தான் ஏறும். இழுக்கும்போது நகம் பிய்ந்துவரும். அந்தப் புண்ணில் தொற்று ஏறினால் விரலே போகலாம். "வலையில் ஏறுவது அதற்குப் பிடிக்கும்" என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். ஓயாமல் வலையில் ஏறினால் கிளை போதவில்லை, சூடோ மறைவோ சரியில்லை, அல்லது கண்ணெதிரே இன்னொரு பச்சோந்தி தெரிகிறது.

கிளை கட்டுவதில்தான் இந்தக் கூண்டின் பெரிய பலவீனம். வலை எடை தாங்காது. கிளையை வலையிலேயே ஜிப் டையால் கட்டினால் சில வாரங்களில் தொய்ந்து கிழியும். சட்டத்துக்குச் சட்டம் குறுக்கே பிவிசி குழாயோ மரச்சட்டமோ பொருத்தி, அதில்தான் கட்ட வேண்டும். இரண்டு உயரங்களில், எதிரெதிர்ப் பக்கங்களில் பொருத்தினால் போதும். கிளைகள் பென்சில் பருமன் முதல் கட்டைவிரல் பருமன் வரை கலந்திருக்கட்டும். பெரும்பாலானவை படுக்கைவாட்டில், சில சாய்வாக. செங்குத்தாக நட்ட கம்பில் அது ஓய்வெடுக்காது. தரையிலிருந்து உச்சி வரை தாவாமல் போய்வர வழி இருக்க வேண்டும். நடுவில் மணி பிளான்ட் அல்லது செம்பருத்தி அடர்ந்து நின்றால் ஒளிய இடமும் ஆயிற்று, இலையில் நக்கிக் குடிக்க நீரும் ஆயிற்று. ஏமன் பச்சோந்தி இலையையும் தின்னும், ஆகவே பூச்சிமருந்து படாத செடியாகப் பாருங்கள்.

மேல்வலையில் விளக்கை அப்படியே வைக்கும் வசதியை விளம்பரம் பெருமையாகச் சொல்கிறது. அதுவே ஆபத்தும். பச்சோந்தி கூரையில் தலைகீழாகத் தொங்கும். சூடு உறைப்பதற்குள் முதுகோ தலைக்கொண்டையோ வெந்துவிடும். வெப்ப விளக்கைச் சில அங்குலம் தூக்கித் தொங்கவிடுங்கள். வலையின் உட்புறம் உள்ளங்கையை அரை நிமிடம் வைத்தால் சுடக் கூடாது. வெயில்காயும் கிளையில் ஆணுக்கு 29 டிகிரி செல்சியஸ், பெண்ணுக்கு 27 போதும். யூவிபி எனும் புற ஊதாக் கதிருக்கு 6 சதவீத டி5 வகை மெல்லிய குழல் விளக்கு, பச்சோந்தியின் முதுகிலிருந்து 20 முதல் 23 செ.மீ. தூரத்தில். கிளையிலிருந்து அளந்தால் கணக்குப் பிசகும். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் யூவிபி குறைந்துபோகும், ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுங்கள்.

கூண்டோடு "முழுத் தொகுப்பு" என்று சேர்த்து விற்பதைத் தவிர்க்கலாம். அதிலுள்ள சுருள் யூவிபி பல்பின் ஒளி ஒரு சிறு வட்டத்தோடு நின்றுவிடும். பாசி ஒட்டிய, வளைக்கக்கூடிய செயற்கைக் கொடி உதிரும், இரையோடு வயிற்றுக்குள் போய்க் குடலை அடைக்கும்.

அடித்தட்டு வழுவழுப்பான பிவிசி. துடைக்க எளிது, ஆனால் வடிகால் கிடையாது. காலை மாலை நீர் தெளித்தால் தேங்கி நாறும். 6 மி.மீ. துளைகள் ஏழெட்டுப் போட்டு, கீழே தட்டு வைத்துவிடுங்கள். கீழுள்ள சிறு கதவு துடைக்க மட்டுமே. பெரிய தொட்டி அதில் நுழையாது, மேல் கதவு வழியாகத்தான் இறக்க வேண்டும். வாங்கும்போது வலை அலுமினியமா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். ஃபைபர் வலையை இரையாக விடும் சிள்வண்டுகள் ஒரே இரவில் கடித்து ஓட்டை போட்டுவிடும்.

எல்லாம் செய்தும் பச்சோந்தி தரையிலேயே கிடந்தால் குறை கூண்டில் இல்லாமலும் இருக்கலாம். பிடி தளர்ந்து, கால் வளைந்து, ஏற முடியாமல் விழுந்தால் அது சுண்ணாம்புச் சத்துக் குறைவின் அடையாளம். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுபோக வேண்டும். பெண்ணாக இருந்து தரையைச் சுற்றிச் சுற்றிப் பறித்தால் முட்டையிட இடம் தேடுகிறது. ஆணோடு சேராத ஏமன் பெண்ணும் முட்டையிடும். 30 செ.மீ. ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பிய தொட்டியை முன்கூட்டியே உள்ளே வைத்து, அது தோண்டும்போது கூண்டைத் துணியால் மூடிவிடுங்கள். ஆள் பார்ப்பது தெரிந்தால் தோண்டுவதை நிறுத்திவிடும்.

கூண்டுக்கு ஐந்துக்கு மூன்றரை. தரையில் நிறுத்தினால் அதுவும் குறையும்: மேல் கிளை மனிதர் கண்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி ஒரு மேசைமேல் ஏற்றி வையுங்கள்.