பெரிய எழுத்துத் தமிழ் வேதாகமம்: நோயாளியின் கட்டிலருகே 19 மாதங்கள்

பெரிய எழுத்தில் அச்சான பழைய மொழிபெயர்ப்புத் தமிழ் வேதாகமம் ஒன்றை எங்கள் வீட்டில் 19 மாதங்கள் நாள் தவறாமல் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஆலயத்துக்கு எடுத்துச் செல்வதற்கோ திடப்படுத்தல் ஆராதனைக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதற்கோ வாங்குகிறவர்களுக்கு இதனால் பெரிய பயன் இராது. குணமாகாத நோயில் படுத்திருக்கும் ஒருவருக்கு எந்த வேதாகமத்தை வாங்கிக் கொடுப்பது என்று தேடுகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். நாங்கள் தேடியபோது அதைச் சொல்வதற்கு ஒருவரும் கிடைக்கவில்லை.

பாளையங்கோட்டையில் வாழ்ந்த என் அப்பா, அரசுத் துறையொன்றில் உயர் பதவி வகித்து ஓய்வுபெற்றவர். திருச்சபையின் வட்டார நிர்வாகக் குழுவான சேகரக் கமிட்டியில் பல ஆண்டுகள் இருந்தார். ஆலயத்தின் முன்வரிசையில் அவர் உட்காரும் இடத்தில் வேறொருவரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் எந்தக் காரியமும் முடிந்துவிடும் என்பதை வாழ்நாள் முழுவதும் அனுபவத்தில் கண்டவர். 68-ஆம் வயதில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் வலக்கை விரல்கள் தடுமாறத் தொடங்கின. சில மாதங்களில் அது மோட்டார் நியூரான் நோய் என்று உறுதியாயிற்று. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் சிறிது சிறிதாக அழிந்துபோகும் நோய் அது. ரிலுசோல் மாத்திரை அதன் வேகத்தைச் சற்றுக் குறைக்கலாமே தவிர நோயைக் குணமாக்காது. கைகால்கள், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு என்று ஒவ்வொன்றாக வலுவிழக்கும்போதும் தொடுவுணர்வு மாறாமல் இருக்கும். பெரும்பாலோருக்கு அறிவும் தெளிவாகவே இருக்கும். மூன்று நகரங்களின் பெரிய மருத்துவர்களைப் பார்த்தோம். அப்பாவுக்குத் தெரிந்த அதிகாரிகள் எல்லாரும் முயன்று, கிடைக்காத தேதிகளையெல்லாம் வாங்கித் தந்தார்கள். நிலத்தை விற்கவும் ஆயத்தமாக இருந்தோம். விற்ற பணத்தைக் கொண்டு வாங்குவதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் மூன்று இடங்களிலும் கிடைத்த பதில்.

மூன்றாவது ஊரிலிருந்து திரும்பிய வாரத்தில்தான் இந்த வேதாகமத்தை வாங்கினோம். அப்பாவிடம் ஏற்கெனவே ஜிப் உறையும் பொன்விளிம்புத் தாள்களும் உள்ள கையடக்கப் பிரதி ஒன்று இருந்தது. அதன் எழுத்து பொடி. கண்ணுக்கு நேராக உயர்த்திப் பிடித்தால்தான் வாசிக்க முடியும், அப்படிப் பிடிக்கும் வலு அவர் கையில் இல்லை. புதிய பிரதியின் எழுத்து தினசரியின் செய்தி எழுத்தைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தது. கட்டிலின் தலைப்பகுதியை உயர்த்தி, உணவு மேசையில் சாய்பலகை போட்டு வைத்தால், இரண்டடி தூரத்திலிருந்து அப்பாவால் கண்ணாடியோடு வாசிக்க முடிந்தது. இந்த ஒன்றுக்காகவே நான் இதைப் பரிந்துரைப்பேன். எடையோ சமையலறைத் தராசில் ஒன்றே முக்கால் கிலோவுக்குக் குறையவில்லை. மடியிலோ மார்பிலோ வைத்து வாசிக்க நினைக்கும் நோயாளிக்கு இது ஒத்துவராது. சாய்பலகையையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

தாள் மெல்லியது என்பதால் பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் நிழலாகத் தெரிகிறது; மாலையில் மஞ்சள் விளக்கின்கீழ் அந்தத் தொந்தரவு கூடும், வெள்ளை விளக்குப் போட்டால் குறையும். வலுவிழந்த விரல்களால் மெல்லிய தாளைப் புரட்டுவது கடினம். முதல் ஆறு மாதங்கள் பென்சிலின் அழிப்பான் முனையால் தாளைத் தள்ளி அப்பா தாமே புரட்டினார், அதன் பிறகு நாங்கள் புரட்டினோம். ஓரத்தில் விரல் வைத்துத் திறக்கும் குறியீட்டு வெட்டுகள் உள்ள பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். நாளாகமம் எங்கே, நெகேமியா எங்கே என்று பிள்ளைகள் தேடித் திணறும் நேரம் மிச்சமாகும்.

எனக்கு உண்மையாகவே குறையாகத் தோன்றியது, எழுத்தைப் பெரிதாக்கியவர்கள் பக்கத்தின் இரட்டைப் பத்தி அமைப்பை அப்படியே விட்டுவிட்டதுதான். பழைய மொழிபெயர்ப்பில் சொற்கள் புணர்ந்து நீண்டு வருகின்றன. ஒடுங்கிய பத்தியில் அவை இரண்டு வரிகளாகவும் சில இடங்களில் மூன்று வரிகளாகவும் உடைந்து நிற்கின்றன. என் மகள் தாத்தாவுக்கு 49-ஆம் சங்கீதத்தை வாசித்தபோது, செல்வத்தை நம்புகிற ஒருவனாலும் தன் சகோதரனுக்காக ‘மீட்கும்பொருளை தேவனுக்குக் கொடுக்கவுங்கூடாதே’ என்ற இடத்தில் கடைசிச் சொல்லை மூன்று முறை தவறாக உடைத்தாள். அப்பா பொறுமையாகத் திருத்தினார். அவருடைய பேச்சு குழறத் தொடங்கியிருந்த காலம் அது. எங்கள் வீட்டின் நிலையை அந்த ஒரு வசனத்தைப்போல வேறெதுவும் எடுத்துச் சொல்லவில்லை. அந்தச் சங்கீதத்தை அப்பா அதற்கு முன்பும் பலமுறை ஆலயத்தில் வாசித்திருக்கிறார், ஆனால் அது தம்மைப் பற்றியது என்று அன்றைக்குத்தான் தோன்றியது என்று சொன்னார்.

எளிய தமிழில் புதிய மொழிபெயர்ப்புகள் இருக்கும்போது இதை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த நடையின் வேர் தரங்கம்பாடியில் 1715-இல் அச்சான, ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டுக்கும், அதற்கு அடுத்த தலைமுறையில் வேப்பேரியில் இருந்து உழைத்த பெப்ரிசியுஸின் மொழிபெயர்ப்புக்கும் போகிறது. 1871-இல் மிஷனெரி போவர் தலைமையில் வெளிவந்த திருத்தமும் பெப்ரிசியுஸின் சொற்களைப் பெரிதும் தழுவியது. 1740-இல் இந்தியாவுக்கு வந்த ஜெர்மானியரான பெப்ரிசியுஸ், தம்மிடம் இருந்த பணத்தை வெளியே கடனாகக் கொடுத்து, அது திரும்பி வராமல், முதுமையில் கடனுக்காகச் சிறையிலும் இருந்து 1791-இல் இறந்தார். பணத்தால் நொந்து, மதிப்பையும் இழந்த ஒருவருடைய உழைப்பு இந்த வரிகளுக்கு அடியில் இருக்கிறது என்பது எனக்குச் சிறிய செய்தியாகத் தோன்றவில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

சொல்லாட்சியின் வேறுபாடு எங்கே தெரியும் என்பதற்கு 23-ஆம் சங்கீதத்தையே பாருங்கள். அப்பாவைக் கவனித்துக்கொண்ட செவிலியர் கத்தோலிக்கர். அவர் தம்முடைய திருவிவிலியத்திலிருந்து ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை’ என்று வாசிப்பார், தெளிவும் அழகும் உள்ள தமிழ்தான். பழைய மொழிபெயர்ப்பிலோ ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்’ என்று இருக்கிறது. தாழ்ச்சி என்ற சொல் குறைவையும் குறிக்கும், தாழ்ந்துபோவதையும் குறிக்கும். பிறர் குளிப்பாட்ட, பிறர் துடைத்துவிட, பிறர் ஊட்ட வாழ்ந்த அப்பாவுக்கு அந்த இரண்டாம் பொருளே பெரிதாக இருந்தது. ‘இந்த நிலைமையில் கிடந்துகொண்டு தாழ்ச்சியடையேன் என்று எப்படிச் சொல்வது?’ என்று அவர் கேட்ட கேள்வி பக்தியற்ற கேள்வி அன்று. என் நினைவில், அவர் வாழ்நாளில் கேட்ட மிக உண்மையான கேள்வி அதுதான்.

கிராமத்துச் சபை ஒன்றில் ஊழியம் செய்யும் உபதேசியார் செவ்வாய்க்கிழமைதோறும் பேருந்தில் வந்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினார். அப்பா கமிட்டியில் இருந்த காலத்தில் ஓர் இடமாற்ற விஷயமாக எங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையிலேயே நின்றுவிட்டுத் திரும்பியவர். அதை அவர் ஒருநாளும் பேசவில்லை. சங்கீதத்தை வாசித்து, சுருக்கமாக ஜெபித்து, தேநீரைக் குடித்துவிட்டுப் போவார். நான்காவது செவ்வாயோ ஐந்தாவது செவ்வாயோ, குழறிய பேச்சில் அப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அதிகாரமும் கையிருப்பும் இருந்த நாள்களில் அப்பா அதைச் செய்திருக்க மாட்டார் என்பதை, அவரை நன்றாக அறிந்த மகன் என்ற முறையில் வருத்தத்தோடு சொல்கிறேன். ‘தாழ்ச்சியடையேன்’ என்ற வரியை அந்த உபதேசியார் வாசித்தால் மட்டும், அப்பா பிறகு உதடுகளை அசைத்துக் கூடவே சொல்வார்.

வேறு விதமானவர்களும் வந்தார்கள். வெளியூர்ப் போதகர் ஒருவர், விசேஷக் காணிக்கை ஒன்றைப் படைத்து விசுவாசத்தோடு அறிக்கையிட்டால் அப்பா எழுந்து நடப்பார் என்றும், நடக்காவிட்டால் குறை எங்கள் விசுவாசத்தில்தான் என்றும் சொன்னார். அம்மா கலங்கிப்போனார்கள். அப்பா 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொல்லி என்னை வாசிக்கவைத்தார். பத்துத் தாலந்து வெள்ளியோடும் ஆறாயிரம் சேக்கல் பொன்னோடும் வந்து குஷ்டம் நீங்கப்பெற்ற படைத்தலைவன் நாகமானிடம் தீர்க்கதரிசி எலிசா ஒன்றையும் வாங்க மறுத்ததும், பின்னாலேயே ஓடி இரண்டு தாலந்தை வாங்கிக்கொண்ட எலிசாவின் வேலைக்காரன் கேயாசிக்கு அந்தக் குஷ்டமே வந்து சேர்ந்ததும் அந்தப் பெரிய எழுத்தில் கூடத்துக்கே கேட்கும்படி வாசிக்கப்பட்டன. அந்தப் போதகர் மறுபடி வரவில்லை.

மாற்கு 5-ஆம் அதிகாரத்தை நாங்கள் வாசித்த கணக்கு எனக்கே தெரியாது. ஜெப ஆலயத் தலைவனான யவீரு தன் பதவியை வாசலில் விட்டுவிட்டு, சாகக்கிடக்கும் மகளுக்காக இயேசுவின் பாதத்தில் விழுகிறான். ‘தனக்கு உண்டானவைகளையெல்லாம் செலவழித்தும், சற்றாகிலும் குணமடையாமல்’ பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் வருந்திய பெண் கூட்டத்துக்குள் வந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள். பதவி உதவாதவனும் பணம் உதவாதவளும் ஒரே அதிகாரத்தில் சந்திக்கிறார்கள். ஆனால் அவர்கள் இருவருக்கும் கேட்டது கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் அம்மாவுக்கும் எனக்கும் பதில் இல்லை. வாசித்துவிட்டு அமைதியாக இருந்த இரவுகள் பல.

பேச்சு முற்றிலும் நின்றபிறகு, 12 உயிரெழுத்துகளையும் 18 மெய்யெழுத்துகளையும் ஓர் அட்டையில் எழுதி வைத்தோம். நாங்கள் விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டிக்கொண்டு போக, வேண்டிய எழுத்து வரும்போது அப்பா கண்ணை மூடித் திறப்பார். ஒரு மாலையில் தானியேல் 3-ஆம் அதிகாரத்தை என் மகள் வாசித்தாள். தங்கள் தேவன் தங்களைச் சூளையிலிருந்து தப்புவிக்க வல்லவர் என்று, ராஜா நிறுத்திய சிலையை வணங்க மறுத்த மூவரும் ராஜாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் ‘விடுவிக்காமற்போனாலும்’ என்று தொடங்குகிறார்கள். எங்கள் பிரதியில் அந்தச் சொல் இரண்டு வரிகளாக உடைந்து கிடப்பதால் அவள் ‘விடுவிக்காமற்’ என்று நிறுத்தி, பிறகு ‘போனாலும்’ என்று தனியாக வாசித்தாள். அப்பா அட்டையைக் கேட்டார். ப், ஓ, ன், ஆ, ல், உ, ம்: ஏழு எழுத்துகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய பத்து நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு ஆபகூக்கின் கடைசி அதிகாரத்தை எடுக்கச் செய்தார். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் என்று தொடங்கி, தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் என்பது வரை அங்கே ஆறு ‘போனாலும்’ வருகின்றன. ஆறும் முடிந்த பிறகுதான் ‘நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்’ என்று தீர்க்கதரிசி சொல்கிறார். ஆறிலும் அப்பா கண்ணை மூடித் திறந்தார். அச்சமைப்பைப் பற்றி நான் மேலே சொன்ன குறை குறைதான், அதைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சொல் எங்கள் பிரதியில் அப்படி உடைந்திருந்ததை நான் இனி குறையாக எண்ண மாட்டேன்.

ஒலி வேதாகமச் செயலிகளையும் பயன்படுத்திப் பார்த்தோம். தூக்கம் வராத பின்னிரவில் அவை பெரும் உதவி, குறிப்பாகச் சங்கீதங்களுக்கு. ஆனால் பதிவின் வேகம் நிற்காமல் ஓடுவதால், ஒரு வசனத்தில் தங்க நினைக்கும் நோயாளியால் அதை நிறுத்தச் சொல்ல முடியாது. பக்கத்தில் ஆள் இருந்து வாசிப்பதற்கு அது ஈடாகாது.

பைண்டிங் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதினோராம் மாதத்தில் முதுகு விரிந்து, சங்கீதங்களின் நடுவே ஒரு கட்டுத் தாள் கழன்றது; எப்போதும் விரித்தே வைத்திருந்ததால் அந்த ஓரிடத்தில் இழுப்பு அதிகம். ஊரில் நூல்தைத்துக் கட்டும் ஒருவரிடம் கொடுத்து இரண்டு நாளில் சரிசெய்தோம். வாங்கும்போதே பசை பைண்டிங்கா நூல் பைண்டிங்கா என்று பிரித்துப் பாருங்கள். கடையிலேயே தாள்களை எண்ணிச் சரிபார்த்துக்கொள்வதும் நல்லது. நாங்கள் வாங்கியபோது விலை ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். நோயாளிக்குக் கையில் இன்னும் ஓரளவு வலு இருந்தால், சங்கீதம் சேர்ந்த பெரிய எழுத்துப் புதிய ஏற்பாடு ஒன்றையும் தனியாக வாங்கிக் கொடுங்கள். எடை குறைந்த அதை அவர் தாமே பிடித்து வாசிக்கலாம்; அப்படித் தாமே வாசிக்கும் மாதங்கள் எவ்வளவு அருமையானவை என்பது அவை போனபிறகே எங்களுக்குத் தெரிந்தது.

முதல் மாதங்களில் அப்பா போட்ட பென்சில் கோடுகள் எங்கள் பிரதியில் இருக்கின்றன. தொடக்கத்தில் நேராக இருக்கும் அவை போகப்போக நடுங்கி வசனத்தைத் தாண்டிப் போகின்றன. கடைசிக் கோடு மாற்கு 9-ஆம் அதிகாரத்தில், ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று ஒரு தகப்பன் கதறும் இடத்தின் கீழே, பாதியில் நின்றுவிட்டது. அப்பா இறந்து நான்கு மாதம் கழித்து, இதே நோய் வந்த ஒருவருடைய மனைவி உபதேசியார் மூலமாக இந்தப் பிரதியைக் கேட்டார்கள். சாய்பலகையோடும் எழுத்து அட்டையோடும் கொடுத்தனுப்பினோம். அந்த நோயாளி இன்னும் தாமே பக்கம் புரட்டுகிறாராம். யோபுவில் பாதி வரை வந்திருக்கிறாராம்.