போலந்திலிருந்து வாலிநோக்கத்துக்கு வந்த உப்பு: மூணு மாசம் வைத்துப் பார்த்ததில்

தங்கச்சி மகன் போலந்தில் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் சாக்லேட் வாங்கி வருவான் என்று பார்த்தால், உப்பு. உப்பளத்தில் முப்பது வருஷம் பாடுபட்ட என் அம்மாவுக்கு, ராமநாதபுரம் கடலோர வாலிநோக்கத்துக்கு, உப்பு! ஒரு பொட்டலம் சமையல் உப்பு, அப்புறம் உப்புப் பாறையில் குடைந்த மெழுகுவத்தி விளக்கு ஒன்று. கிராக்கோவ் பக்கத்தில் வியெலிச்கா என்ற உப்புச் சுரங்க ஊரில், ஏதோ ஒரு நினைவுப்பொருள் கடையில் வாங்கினானாம்.

பொட்டலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நைஸ் உப்பு, கல் உப்பு போடும் அளவுக்குப் போட்டால் ரசம் கரிக்கும், அவ்வளவுதான். கருவாட்டுக்கு ஆகாது என்று அம்மா ஒதுக்கிவிட்டாள்.

விளக்குதான் விஷயம். சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். நான் கருங்கல் என்றே நினைத்தேன், அம்மா நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு "உப்புதாண்டா" என்றாள். பாத்தி மிதித்து, தண்ணி பாய்ச்சி, வெயிலில் விளைந்ததை வாரிப் பழகியவளுக்கு உப்பை மலையைப் போல வெட்டி எடுப்பார்கள் என்பதுதான் நம்ப முடியவில்லை. அங்கேயும் ஒரு காலத்தில் கடல் இருந்தது, ஒரு கோடி வருஷத்துக்கும் முன்னால் வற்றி, மண்ணுக்கு அடியில் உப்பாகக் கிடந்தது. 13ஆம் நூற்றாண்டிலிருந்து தோண்டித் தோண்டி 327 மீட்டர் ஆழம் போயிருக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் போலந்து ராஜாவின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு உப்பிலிருந்துதான் வந்ததாம்.

மருமகன் சொன்னதில் அம்மாவை உட்கார வைத்தது வேறு. சுரங்கத்துக்குள் மீத்தேன் வாயு சேரும், அதை எரித்துத் தீர்க்க, ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு நீளக் கம்பு நுனியில் தீப்பந்தத்தோடு தரையில் ஊர்ந்தே போவார்களாம் சிலர். பாவப் பரிகாரம் செய்கிறவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். "நமக்கு உப்பளத்து வெயில் கூச்சத்துல கண்ணுதான் போச்சு" என்றாள் அம்மா, அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

உள்ளேயே கோயிலும் கட்டியிருக்கிறார்கள், 101 மீட்டர் ஆழத்தில், புனித கிங்கா பெயரில். 1896இல் ஜோசப் மார்கோவ்ஸ்கி தொடங்கி, தம்பி தோமாஷ் தொடர்ந்து, பின்னால் அந்தோனி விரோடெக் சேர்ந்து, அறுபது வருஷத்துக்கு மேல் செதுக்கியது. மூன்று பேரும் சுரங்கத் தொழிலாளிகள். தரை, சுரூபங்கள் எல்லாம் உப்பு, சரவிளக்கில் தொங்குவதுகூட உப்புப் படிகம். இப்போதும் அங்கே ஞாயிறு பூசை நடக்கிறது. எங்கள் பக்கத்து மூக்கையூர் யாகப்பர் கோயிலைக் கடல் பார்த்துக் கட்டிய நம் ஆட்களுக்கு இது புரியும்.

சரி, விளக்குக்கு வருவோம். ஐப்பசி மழை தொடங்கியதும் அது வேர்க்க ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் அலமாரியில் குளம், அடியில் இருந்த கரண்ட் அட்டை கூழாகிவிட்டது. ஈரத்தில் வைக்காதே என்று ஒரு துண்டுச் சீட்டாவது வைக்கக் கூடாதா அந்தக் கடைக்காரர்? கோபத்தில் மருமகனுக்குப் போன் போட்டால் அவன் சிரிக்கிறான், அந்தச் சுரங்கத்துக்கே இதே வியாதியாம். 1978இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களின் முதல் பட்டியலிலேயே இடம்பிடித்த சுரங்கம், ஈரக்காற்றில் சிற்பங்கள் கரைந்ததால் 1989இல் ஆபத்துப் பட்டியலுக்குப் போய், ஈரத்தை உறிஞ்சும் இயந்திரங்கள் வைத்த பிறகு 1998இல்தான் மீண்டது. நடுவில் 1992இல் தண்ணீரும் உள்ளே புகுந்தது. உப்பு விலையும் சரிந்து கிடக்க, 1996இல் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது உள்ளே கசியும் உப்புத் தண்ணியை மேலே இறைத்துக் காய்ச்சித்தான் உப்பு எடுக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் அம்மாவுக்கு ஏக சந்தோஷம். "எழுநூறு வருசம் வெட்டிப்புட்டு, கடைசியில தண்ணிய வத்த வைக்கிற நம்ம வழிக்குத்தான வந்திருக்காக!"

பொட்டலத்துக்கு அஞ்சுக்கு நாலு. விளக்குக்கு ஒன்றரை, அதுவும் நிறத்துக்காக. வாங்கியே தீருவேன் என்றால் மழைக்காலம் முழுக்க மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். எங்கள் வீட்டு விளக்கை அம்மா ஆட்டுக் கொட்டிலில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள், பாதி நக்கித் தீர்ந்துவிட்டது.