கணித நோட்ஸைக் காதால் படிக்க: என்விடிஏ + மேத்கேட்

என் பி.எஸ்சி. கணித வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருவர் படிக்கிறார். அவருக்காகத்தான் கல்லூரிக் கணினியில் என்விடிஏவோடு மேத்கேட்டையும் நிறுவினேன். இந்தப் பருவத்தின் நேரியல் இயற்கணித நோட்ஸ் முழுவதையும் அவர் இதில்தான் படித்தார். கணிதம் நடத்துகிற எல்லோரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

என்விடிஏ விண்டோஸில் ஓடும் இலவசத் திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கியது. சமன்பாடுகளை வாசிக்க நீல் சாய்ஃபர் உருவாக்கிய மேத்கேட் வேண்டும். நான் என்விடிஏவின் ஆட்-ஆன் ஸ்டோரிலிருந்தே போட்டுக்கொண்டேன். இதற்கும் காசு கிடையாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சமன்பாட்டுக்குள் நடமாட முடிவதுதான். ஒரு நீளமான பின்னத்தை முழுவதுமாக வாசித்துக் காட்டினால் யாருக்குத்தான் நினைவில் நிற்கும்? என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்செர்ட்) ஆல்ட், எம் அழுத்தினால் சமன்பாட்டுக்குள் போகலாம். அம்புக்குறி விசைகளால் தொகுதிக்குப் போய், பகுதிக்கு நகர்ந்து, வேண்டிய உறுப்பை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கலாம். எஸ்கேப் அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். “யாரையும் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதில்ல மேடம்” என்றார் அந்த மாணவி. பிரெயில் புள்ளிகளை விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் காட்டி இருந்தால், கணிதத்துக்கான பிரெயில் முறையான நெமெத்திலும் தருகிறது. எங்களிடம் அந்தக் கருவி இல்லை.

ஆனால் நாம் கொடுக்கும் கோப்பு சரியாக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். கணித ஆவணங்களைக் குறிகளால் அடித்து உருவாக்கும் லேடெக்கில் அடித்த வழக்கமான பிடிஎஃப்பில் x² என்பது வெறும் “எக்ஸ் 2” ஆகிவிடும், பின்னக்கோடு காணாமல் போகும். ஸ்கேன் செய்த கையெழுத்து நோட்ஸில் வாசிக்க ஒன்றுமே இருக்காது. அதனால் என் லேடெக் கோப்புகளை பாண்டாக் என்ற கோப்பு மாற்றி கொண்டு, மேத்எம்எல் (சமன்பாடுகளை இணையப் பக்கத்தில் எழுதும் குறிமுறை) உள்ள எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றினேன். குரோம் உலாவி 2023 ஜனவரியிலிருந்தே மேத்எம்எல்லை நேரடியாகக் காட்டுகிறது. மற்ற மாணவர்களும் இப்போது அதே பக்கங்களைத்தான் போனில் பெரிதாக்கிப் படிக்கிறார்கள். பிடிஎஃப்போல வரி திரைக்கு வெளியே ஓடாது. லேடெக்குக்குள் படம் வரையும் டிக்ஸில் வரைந்த படங்கள் மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் நானே விளக்கம் எழுத வேண்டியிருந்தது, அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

குறைகளும் உண்டு. |A| என்று எழுதினால் அது அணிக்கோவையா மட்டு மதிப்பா என்று மேத்கேட்டுக்குத் தெரியாது. மட்டு மதிப்பு என்றே வாசிக்கிறது. det A என்று மாற்றி எழுதினேன், சிக்கல் தீர்ந்தது. அப்புறம், இது வாசிக்க மட்டும்தான். விடை எழுத அவர் நோட்பேடில் லேடெக் குறிகளை அடிக்கிறார். தேர்வுக்கு இன்னமும் ஸ்க்ரைப்தான். சொல்வதை எழுதுபவருக்கு அணியின் நிரையும் நிரலும் தெரியாவிட்டால் இவ்வளவு படித்தும் மதிப்பெண் போய்விடும் என்பது எனக்கு உண்மையான கவலை.

எங்கள் மேத்கேட் பதிப்பில் தமிழ் இல்லை. என்விடிஏ தமிழ் உரையைத் தமிழில் வாசிக்கும், சமன்பாடு வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு இது பெரிய தடை. மேத்கேட்டின் வாசிப்பு விதிகள் மொழிவாரியாகத் தனித்தனிக் கோப்புகளில் இருக்கின்றன. மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. தொகுதி, பகுதி, அணிக்கோவை எல்லாம் நம் பள்ளிப் பாடநூல்களில் ஏற்கெனவே இருக்கும் சொற்கள்தான். நிரல் தெரிந்த யாராவது இந்த வேலையில் இறங்கினால், கலைச்சொற்களைச் சரிபார்த்துத் தர நான் வருகிறேன்.