கேஸ் கணப்பில் அலங்காரக் கற்கள்: பல குளிர்காலங்கள் பயன்படுத்திய பிறகு

எங்கள் வீட்டு கேஸ் கணப்பில் அலங்காரக் கற்கள் போட்டுப் பல குளிர்காலங்கள் ஆகிவிட்டன. பர்னரைச் சுற்றியுள்ள தரையில் எரிமலைக் கல் துண்டுகள், பர்னர் மேல் கணப்புக்கென்றே செய்த பீங்கான் கூழாங்கற்கள். இரண்டும் கணப்பின் கையேட்டில் அனுமதிக்கப்பட்டவை. எனக்கு முழுத் திருப்திதான். தீ எரியாத நேரத்திலும் பார்க்க அழகாக இருக்கிறது, அணைத்த பிறகும் கற்களில் கொஞ்ச நேரம் சூடு தங்குகிறது.

ஆனால் "ஆற்றங்கரையில் பொறுக்கிய கல்லைப் போடலாமா?" என்று யார் கேட்டாலும், வேண்டவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். வழுவழுப்பான அந்தக் கல் வெளியே காய்ந்திருக்கும். உள்ளே இருக்கும் நுண்ணிய விரிசல்களில் ஈரம் நிற்கும். நீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். வெளியேற வழி இல்லையென்றால் கல் வெடித்துச் சில்லுகள் பறக்கும். கண்ணுக்கே ஆபத்து. கிரானைட்டில் ஈரம் இல்லாவிட்டாலும் தொல்லை உண்டு: அதிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 573 டிகிரி செல்சியஸ் அருகே சட்டென்று விரிவதால் கல் பிளக்கும். சுண்ணாம்புக் கல்லும் பளிங்கும் கடும் வெப்பத்தில் சுட்ட சுண்ணாம்பாகி உதிரும். பெயின்ட், வார்னிஷ் பூசிய கல் என்றால் புகையும் நாற்றமும் சேர்ந்து வரும்.

எரிமலைக் கல்லில் நிறையத் துளைகள் இருப்பதால் ஆவி வெளியேற வழி உண்டு. அதற்காக அதை நனைத்துவிட்டு உடனே பற்றவைக்கக் கூடாது. தூசி போகக் கழுவினால் பல நாள் வெயிலில் காயவைத்து, முதல் முறை சிறு தீயில் வைத்து, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்வது என் வழக்கம். கண்ணாடித் துண்டு பிடிக்கும் என்பவர்கள் தீக்கென்றே தயாரிக்கப்பட்ட டெம்பர்டு (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியை வாங்க வேண்டும். உடைந்த பாட்டில் துண்டுகள் சூட்டில் தெறிக்கும்.

கல் எது என்பதைப் போலவே, அதை எப்படி அடுக்குகிறோம் என்பதும் முக்கியம். இதைப் பலர் கவனிப்பதில்லை என்பது என் கவலை. நிறையக் கல் குவித்தால் அழகாகத் தெரியும், ஆனால் பர்னர் துளைகள் அடைபட்டுக் காற்று போதாமல் கேஸ் அரைகுறையாக எரியும். விளைவு கரிப்புகையும், மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடும். கல்லிலோ முன்கண்ணாடியிலோ வழக்கத்துக்கு மாறாகக் கரி படிந்தால் அணைத்துவிடுங்கள். முழுவதும் ஆறிய பிறகு கையேட்டுப் படத்தைப் பார்த்து அடுக்கைச் சரிசெய்யுங்கள். அப்புறமும் கரி படிந்தால் கேஸ் வேலை தெரிந்தவரைக் கூப்பிட வேண்டியதுதான். பர்னரைப் பற்றவைக்கும் சிறு தீயான பைலட் சுடரையும், அது எரிகிறதா என்று உணரும் பக்கத்துச் சென்சாரையும் ஒரு சிறு கல் கூட மறைக்கக் கூடாது. புகைபோக்கி இல்லாத வகை கணப்பில் எரிவது எல்லாம் அறைக்குள்ளேயே வரும் என்பதால், அதில் தயாரிப்பாளர் கொடுத்ததைத் தவிர வேறு எதையும் சேர்க்க மாட்டேன். எந்த வகையாக இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் கணப்பு வைக்கவே கூடாது.

விறகு கணப்பில் கல் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. சாம்பல் அள்ளவும் இடைஞ்சல், விறகு உருளவும் வாய்ப்பு. தீயே மூட்டாத பழைய கணப்பு என்றால் பிரச்சினையே இல்லை, ஆற்றுக் கல்லும் போடலாம்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. சீசன் தொடங்குமுன் கேஸை மூடி, ஆறிய கற்களை எடுத்து மென்மையான பிரஷ்ஷால் துடைத்துப் பழைய இடத்திலேயே வைக்கிறேன். எரிமலைக் கல் அப்படியே இருக்கிறது. பீங்கான் கற்களில் சில ஓரம் பொடியத் தொடங்கியதால், அதே தயாரிப்பாளரின் மாற்றுக் கற்களை வாங்கிப் போட்டேன். நார் வகைப் பீங்கானாக இருந்தால் அந்தத் தூசியை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கெடுதல். நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு, பொடியை ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.