இரண்டே வாரத்தில் மறைந்த சொரியாசிஸ்

எனக்கு 11 ஆண்டுகளாகச் சொரியாசிஸ் என்ற தோல் நோய் இருக்கிறது. முழங்கை, முழங்கால், உச்சந்தலை. கொஞ்ச நாள் அடங்கிக் கிடக்கும். தொண்டைப் புண்ணோ தூக்கம் கெட்ட வாரமோ வந்தால் மறுபடி தலைகாட்டும். காலையில் விரிப்பை உதறினால் வெள்ளைச் செதில் கொட்டும். இதோடு வாழப் பழகியவள்தான் நான். ஆனாலும் ஏமாந்தேன்.

'வேரோடு அறுக்கிறோம், முழுக்க மூலிகை, ஸ்டீராய்டு அறவே இல்லை' என்ற விளம்பரத்தைப் பார்த்துத் தொலைபேசியில் பேசினேன். மருத்துவர் கொடுத்த களிம்பு மெதுவாக வேலை செய்ததில் அலுத்துப்போயிருந்த நேரம் அது. பேசியவர் என் தோலைப் பார்க்கவில்லை. மூட்டு வலிக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மூன்றே மாதம் அம்மா, பிறகு வாழ்நாளுக்கும் திரும்பாது" என்றார். பார்சலில் வந்தது பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு வெள்ளை டப்பாவும், காகிதத்தில் மடித்த 90 பொடிப் பொட்டலங்களும். என்ன கலந்திருக்கிறது என்று கேட்டேன். பரம்பரை ரகசியமாம்.

நான்காம் நாள் அரிப்பு நின்றது. இரண்டாம் வாரம் முழங்கை வழவழப்பாகிவிட்டது. அழுதேவிட்டேன். படம் எடுத்து, நன்றி எழுதி அவருக்கு அனுப்பினேன். அந்த வேகத்தைப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அகோரப் பசி எடுத்தது, முகம் உப்பியது. உடம்பு தேறுகிறது என்றார். களிம்பு தடவிய இடத்தில் தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, அடியில் ஓடும் ரத்தக்குழாய் தெரிந்தது. அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

மூன்று மாதம் முடிந்து நிறுத்தினேன். பத்தே நாளில் வந்தது பாருங்கள்! அதுவரை தொடாத முதுகு, வயிறு, தொடை எல்லாம் செக்கச்செவேலென்று ஆகி, அதன்மேல் ஊசிமுனை அளவில் சீழ்ப் பொட்டுகள். கூடவே காய்ச்சல், நடுக்கம். அவரிடம் சொன்னால், "நஞ்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறிதான். அடுத்த மூன்று மாதத்துக்கு அனுப்பிவிடவா?" என்கிறார்.

மருத்துவமனையில் சேர்த்தார்கள். கைப்பையின் அடியில் மிஞ்சிக் கிடந்த ஒரு பொட்டலத்தையும் டப்பாவையும் தோல் மருத்துவர் பரிசோதனைக்கு அனுப்பினார். பொடியில் டெக்ஸாமெத்தசோன், களிம்பில் குளோபெட்டசால். இரண்டும் வீரியம் மிகுந்த ஸ்டீராய்டுகள்; அழற்சியைச் சட்டென்று அடக்கும் மருந்துகள்.

சொரியாசிஸ் நோய் எதிர்ப்பு ஆற்றல் தடம் புரள்வதால் வருவது. சுமார் ஒரு மாதத்தில் புதுப்பிக்க வேண்டிய தோல் சில நாட்களிலேயே வளர்ந்து செதிலாகக் குவிகிறது. உள்ளுக்குச் சாப்பிடும் ஸ்டீராய்டு அதை அமுக்கிவைக்கும். சட்டென்று நிறுத்தினால் சிலருக்கு இப்படிச் சீழ்க் கொப்புளமாகவே சீறிக்கொண்டு வரும். ஸ்டீராய்டு களிம்பையே பழிப்பதாக எண்ண வேண்டாம். என் மருத்துவர் இப்போதும் அதைத் தருகிறார்; எங்கே, எத்தனை நாள், எப்போது குறைப்பது என்று எழுதித் தருகிறார். ஒளித்துக் கொடுத்ததுதான் அயோக்கியத்தனம்.

இதைப் படிக்கும் யாராவது அப்படியொரு பொடியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், பயந்துபோய் இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போனால், உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டை இயல்பாகச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நான் முதல் நாள் மறைத்தேன், அதனால் ஒரு நாள் வீணானது.

இப்போது நோய் எதிர்ப்பு ஆற்றலை மட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் மருந்து, வாரத்துக்கு ஒரே ஒரு நாள். அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. இடது முழங்கையில் ஒரு திட்டு இன்னும் இருக்கிறது. அந்த ஆள் என் எண்ணைத் தடுத்துவிட்டார். அவருடைய விளம்பரத்தில், 'முற்றிலும் குணமானவர்' என்ற வரிக்குக் கீழே, நான் அனுப்பிய அந்த வழவழப்பான முழங்கைப் படம் இன்றும் இருக்கிறது.