ஷாங்காயா, நான்ஜிங்கா? சீன வானிலையியலை எங்கிருந்து படிக்கலாம்

சீனாவில் நவீன வானிலையியல் வேர்விட்ட கதையைப் படிக்க நினைப்பவர்கள் இரண்டு இடங்களுக்கு நடுவே தயங்குகிறார்கள். ஒன்று, பிரெஞ்சு இயேசு சபையினர் 1872-இல் தொடங்கிய ஷாங்காயின் ஷூஜியாஹுயி ஆய்வகம். மற்றது, சீன வானிலையாளர் ஜூ கெஜென் 1928-இல் நான்ஜிங்கின் பெய்ஜிகே குன்றில் அமைத்த வானிலை ஆய்வு நிறுவனம்.

யாருக்காக?
ஷாங்காய்: முதலில் கப்பல்களுக்காக. 1879 சூறாவளியைப் பாதிரியார் தெஷெவ்ரான் அலசி எழுதினார். பிறகு துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தருவதே ஆய்வகத்தின் பெரும்பணி ஆனது. ஆற்றங்கரைக் கம்பத்தில் ஏற்றிய அடையாளங்களைப் பார்த்து மாலுமிகள் புறப்படலாமா, வேண்டாமா என்று முடிவெடுத்தார்கள்.
நான்ஜிங்: நாட்டுக்காக. ஜூ அமெரிக்காவில் முதலில் படித்தது வேளாண்மை. 1918-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். வயலையும் வறட்சியையும் மறக்காத வானிலையாளர். எனக்கு அவர்மேல் தனி மதிப்பு உண்டு.

தொடர்ச்சி?
ஷாங்காய்: பல பத்தாண்டுப் பதிவுகள்.
நான்ஜிங்: 1930-இல் முன்னறிவிப்பு தொடங்கியது, 1937 போரில் உள்நாட்டுக்கு இடம்பெயர நேர்ந்தது.

மொழி?
ஷாங்காய்க்குப் பிரெஞ்சு, நான்ஜிங்குக்குச் சீனம் தெரிந்தால் எளிது.

சரி, எதை எடுப்பது? சூறாவளிப் பாதைகள்தான் தேவையென்றால் ஷாங்காய்: 1893 முதல் 1918 வரையிலான 620 சூறாவளிகளின் பாதைகளைப் பாதிரியார் ஃப்ரோக் வரைபடத் தொகுப்பாகவே தந்திருக்கிறார். சீனர்கள் தாங்களே நிலையங்கள் அமைத்து, ஆட்களைப் பயிற்றுவித்து இத்துறையைத் தமதாக்கிக்கொண்ட விதம் வேண்டுமென்றால், தயங்காமல் நான்ஜிங்.