பிசைந்து விளையாட எது நல்லது? டப்பா டோ, வீட்டு மாவு, களிமண், மேஜிக் மணல்

மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன வாங்கித் தரலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான், பிசைய ஏதாவது கொடுங்கள். நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகிற விரல்களுக்கு உருட்டுவதும் கிள்ளுவதும் நசுக்குவதும்தான் பயிற்சி. கையில் பலம் ஏறுவதற்கு முன்னால் நாலு கோடு நோட்டைத் திறந்து வைத்தால் பிள்ளைக்கு அழுகை, நமக்குத் தலைவலி. ஆனால் எதைப் பிசையக் கொடுப்பது? கடையில் இருப்பதையும் வீட்டில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் எல்லோரும் வாங்குகிற ப்ளே-டோ, அதாவது டப்பாவில் வருகிற நிற மாவு. மென்மையாக இருக்கும், நிறம் அழகு, இரண்டரை வயதுக் கைக்கும் சொன்னபடி கேட்கும். இது முதலில் பொம்மையே இல்லை. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்து சோப்பு கம்பெனி ஒன்று, கரி அடுப்புப் புகை படிந்த சுவர்க் காகிதத்தைத் துடைக்க இந்த மாவை விற்றுக்கொண்டிருந்தது. வீடுகளில் கரி போய் கேஸ் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. அந்தக் குடும்பத்துக்கு உறவான ஒரு நர்சரி டீச்சர் இதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார், பிள்ளைகள் விடவில்லை. அப்புறம் 1956-இல் பொம்மையாகக் கடைக்கு வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், டப்பாவுக்குள் பெரும்பாலும் இருப்பது கோதுமை மாவு, உப்பு, தண்ணீர்தான். மூடாமல் ஒரு ராத்திரி விட்டால் ஓரமெல்லாம் காய்ந்து பொரபொரவென்று உதிரும், இரண்டே நாளில் எல்லா நிறமும் கலந்து ஒரு மாதிரி சாம்பலாகிவிடும். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.

அதே சாமானை வீட்டில் செய்யலாமே என்றால், தாராளமாக. ஒரு டம்ளர் மைதா, அரை டம்ளர் தூள் உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன் எண்ணெய், அரை மூடி எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, அடிகனமான சட்டியில் சிறு தீயில் கிளறினால் சட்டியில் ஒட்டாமல் அல்வா மாதிரி திரண்டு வரும். இறக்கி ஆறவைத்துப் பிசைந்தால் போதும். வேகவைக்காமல் சும்மா தண்ணீர் விட்டுப் பிசைந்த சப்பாத்தி மாவைக் கொடுக்கிறவர்கள் உண்டு, அது ரப்பர் மாதிரி இழுத்துக்கொள்ளும், பாம்பு செய்து வைத்தால் பாதியாகச் சுருங்கிக் கிடக்கும், போதாததற்குப் பச்சை மாவு வாய்க்குள் போவதும் நல்லதல்ல. வெந்த மாவு வைத்த உருவத்தில் நிற்கும். உப்பும் எலுமிச்சையும் சீக்கிரம் கெடாமல் காக்கும், மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக ஓடும். ஒரு டப்பா வாங்குகிற காசில் இதை எத்தனை தடவையும் செய்யலாம், ஆகவே எனக்கு டப்பாவைவிட இதுதான் மேல். ஒரே எச்சரிக்கை, அந்த அரை டம்ளர் உப்பு. நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தால் பரவாயில்லை, அள்ளித் தின்றால் ஆபத்து. வீட்டில் நாய் இருந்தால் அதன் வாய்க்கு எட்டாமலும் வைக்க வேண்டும்.

எதையெடுத்தாலும் வாயில் வைக்கிற வயது என்றால் கொழுக்கட்டை மாவை யாராலும் அடித்துக்கொள்ள முடியாது. வறுத்த அரிசி மாவில் கொதிக்கிற தண்ணீரை விட்டுக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் நன்றாகப் பிசைந்து, முழுக்க ஆறியதும் ஒரு உருண்டை பிள்ளைக்கு. கோதுமை இல்லை, கூடுதல் உப்பு இல்லை, தின்றாலும் பதற வேண்டாம். நாம் சொப்பு பிடிக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து தானும் ஒன்று பிடிக்கும். ஆனால் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும், மறுநாள் புளித்துவிடும், ஆக அன்றைய மாவு அன்றைக்கே.

களிமண்தான் கைக்கு உண்மையான வேலை. கொஞ்சம் அழுத்தம் கொடுத்தால்தான் வளையும், தண்ணீர் கூடினால் குழையும், குறைந்தால் வெடிக்கும், காயக் காயச் சுருங்கும். இத்தனையையும் யாரும் பாடம் நடத்தாமல் பிள்ளையே விரலால் கண்டுகொள்ளும். செய்த யானை காய்ந்தால் நிலைத்து நிற்கும், சாயம் அடிக்கலாம். பிள்ளையார் சதுர்த்தி சமயத்தில் தெருவிலேயே கிடைக்கும், மற்ற நாளில் மண்பாண்டம் செய்கிறவரிடம் கேட்டால் சலித்த மண்ணே தருவார். தேங்கிய குட்டையிலிருந்து அள்ளி வராதீர்கள், கண்ணாடித் துண்டும் சாக்கடையும் எதில் கலந்திருக்கிறது என்று தெரியாது. மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் இது சரிப்படுமா என்றால், குளிக்கிறதுக்கு முன்னால், பால்கனியில், பழைய சாக்கை விரித்துப் போட்டால் சரிப்படும். கழுவின மண்ணைப் பாத்ரூம் குழாயில் மட்டும் விடாதீர்கள், வாளியில் தெளிய வைத்துச் செடிக்கு ஊற்றுங்கள்.

ஸ்டேஷனரி கடையில் பன்னிரண்டு நிறத்தில் குச்சி குச்சியாக விற்கிற ‘கிளே’ வேறு ரகம். அதில் தண்ணீர் இல்லை, எண்ணெயும் மெழுகும் சேர்ந்தது, அதனால் காயாது. இந்த ரகத்தை 1897-இல் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஓவிய ஆசிரியர் வில்லியம் ஹார்பட் செய்தது சிற்பம் படிக்கிற மாணவர்களுக்காக. மூன்று வயதுக் கைக்கு இது விறைப்பு, நாம்தான் முதலில் சூடு வரத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். ஐந்து வயதுக்கு மேல் அருமை. சுவரில் அப்பினால் எண்ணெய்க் கறை போகாது, வாடகை வீடு என்றால் யோசியுங்கள்.

மேஜிக் மணல், அதாவது கைனெட்டிக் மணல், விலைக்கேற்ற சாமான் இல்லை என்பது என் கட்சி. நூற்றில் 98 பங்கு சாதா மணல், மீதி சிலிக்கான் எண்ணெய். கையில் வழிவதைப் பார்க்கவே சுகம்தான், கோபத்தில் இருக்கிற பிள்ளை அமைதியாவதும் உண்டு. ஆனால் விரலுக்கு எதிர்ப்பே இல்லை, எதைச் செய்தாலும் மெல்லச் சரிந்துவிடும்.

எதை வாங்கினாலும் கூடவே வருகிற பிளாஸ்டிக் அச்சு செட்டை ஓரமாக வையுங்கள். அச்சில் அழுத்தினால் நட்சத்திரம் வருகிறது, பிள்ளை செய்தது ஒன்றுமில்லை. அதைவிட முறுக்கு உழக்கைக் கொடுங்கள். அதை அழுத்த இரண்டு கை பலமும் வேண்டும், வருகிற நூலைப் பொம்மைக்குத் தலைமுடி வைப்பதா நூடுல்ஸ் கடை போடுவதா என்பது அவர்கள் பாடு.

இந்த வரிசையில் சேர்க்கவே கூடாதது, தண்ணீரில் ஊறி உப்புகிற ஜெல்லி உருண்டை. விழுங்கினால் வயிற்றுக்குள்ளேயே பெரிதாகிக் குடலை அடைக்கும், ஆபரேஷன் வரை போகும். குழந்தைகளுக்கென்று விற்பதை அமெரிக்காவில் அமேசான், வால்மார்ட், டார்கெட் எல்லாம் 2023 கடைசியில் நிறுத்திக்கொண்டன. பூச்சாடிக்கு என்று வாங்கியது வீட்டில் கிடந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.